அரக்கு வைத்த பிளாப்பிகள்

மோட்டார் என்றாலே எல்லோருக்கும் கிணற்றடிப் பம்புசெட்டுதான் நினைவுக்கு வரும். என் மோட்டார் வேறு. நிலக்கரிச் சுரங்கத்தின் சரிவுப் பாதையில் கரி ஏற்றிய சின்ன வண்டிகளைக் கம்பிவடத்தில் கோத்து மேலே இழுக்கிற மோட்டார் அது. எப்போது கிளம்ப வேண்டும், எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும், எப்படி மெதுவாக நிற்க வேண்டும் என்றெல்லாம் அதற்குச் சொல்லுகிற புரோகிராமை எழுதியது நான். எண்பதுகளில், ஹைதராபாத்தில், ஓர் அரசுத் தொழிற்சாலையில். அந்தப் புரோகிராமை யாரும் திருடிவிடக் கூடாது என்று எங்கள் ஆட்கள் செய்த பாதுகாப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அப்புறம்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இன்ஜினியரிங் முடித்த கையோடு இந்த வேலை கிடைத்தது. கல்யாணம் அதற்குப் பிறகு. கணவருக்கு மெட்ராஸில் வங்கி வேலை. கொஞ்ச நாள்தானே, மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். அரசு நிறுவனத்தில் கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மகள் பிறந்தாள். பிரசவ விடுப்பு, சம்பளமில்லாத விடுப்பு என்று இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்துத் தீர்த்துவிட்டு, தவழுகிற பிள்ளையை மெட்ராஸில் விட்டுவிட்டு ரயில் ஏறினேன். பிள்ளையை வளர்த்தது என் கணவரின் அக்கா, எனக்கு மதினி. தன் கணவர் இறந்த பிறகு தம்பியோடு வந்து இருந்தவர். தங்கமான மனுஷி. அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

செகந்திராபாத்தில் பத்மாராவ் நகரில் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்கார அம்மாளும் தமிழ்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அவர் பேசுகிற தமிழில் பாதி தெலுங்கு, மீதியில் பாதி உருது. அவர் பிள்ளைகளிடம் நான் தமிழில் ஏதாவது கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். வாரநாட்கள் எப்படியோ கழிந்துவிடும். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். ஞாயிற்றுக்கிழமைதான் என்னைக் கொல்லும். ஒரே பாத்திரத்தில் சமைத்து, ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டு, அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் வீட்டு வேலை முடிந்தது. மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்காது. தனியாக இருப்பது சுதந்திரம் என்று சில பேர் சொல்லுவார்கள். அவர்களை அந்த அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைக்க வேண்டும்.

லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமைகளில் மெட்ராஸ் ரயில். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள், நான் உள்ளேதான் இருக்கிறேனா என்று நடுநடுவே கேட்டுக்கொள்வாள். திரும்பி ரயில் ஏறும்போது ஒவ்வொரு தடவையும் இந்த வேலையை விட்டுத் தொலைத்தால் என்ன என்று தோன்றும். கணவர் சம்பளத்தில் மட்டும் வீட்டு வாடகையும் போட்டு நாலு பேர் சாப்பிட முடியாது என்பது விஜயவாடா வருவதற்குள் நினைவுக்கு வந்துவிடும்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் கடவுள் கண் திறந்தார். எங்கள் கம்பெனிக்கு மெட்ராஸில் ஒரு சின்ன அலுவலகம் உண்டு. அங்கே இன்ஜினியருக்கு ஒரே ஒரு இடம். அதில் இருந்தவர் ஓய்வு பெற்றார். நான் எத்தனையோ பேர் காலில் விழாத குறையாகக் கேட்டு, என் பெயருக்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. ஒரு நிபந்தனை மட்டும்தான். சுரங்க மோட்டார் வேலையை என் துறைத் தலைவரிடம் முழுசாக ஒப்படைத்துவிட்டு, அந்த மாதக் கடைசிக்குள் மெட்ராஸில் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஒப்படைக்க என்ன இருக்கிறது, இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மாளிடம் அறையைக் காலி செய்வதாகச் சொன்னேன். ஸ்டவ்வை விற்றுவிட்டேன்.

இப்போது அந்த சிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு பலகை, பலகையில் ஒரு சிப். மைக்ரோகன்ட்ரோலர் என்பார்கள். நான் எழுதிய புரோகிராம் அந்த சிப்பின் நினைவகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல். அல்ட்ரா வயலெட் விளக்கில் வைத்தால் அந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் போய், உள்ளே எழுதியது எல்லாம் அழிந்து, சிப் புதுசாகிவிடும். சாதாரணமாக, உள்ளே இருப்பதை வேறொரு கருவியில் மாட்டிப் படித்துக் காப்பி எடுத்துக்கொள்ளலாம். அப்படி யாரும் படிக்கக் கூடாது என்றால் செக்யூரிட்டி பிட் என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டுவிட்டால் பூட்டியாயிற்று. சிப் வேலை செய்யும், மோட்டாரை ஓட்டும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியவளே கேட்டாலும் காட்டாது. பூட்டைத் திறக்க ஒரே வழி விளக்கில் வைத்து எல்லாவற்றையும் அழிப்பதுதான். திறந்த பிறகு உள்ளே ஒன்றுமே இருக்காது.

தனியார் கம்பெனிக்காரர்கள் நம் சிப்பை வாங்கிக் காப்பி அடித்துவிடுகிறார்கள் என்று மேலிடத்துக்கு அப்போது ஒரு பயம் வந்திருந்தது. அதனால் பூட்டச் சொன்னார்கள். அது நியாயம்தான். ஆனால் அந்தப் பொறுப்பைத் தூக்கிப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்தார்கள். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என் டிபன் டப்பாவில் தயிர்சாதத்துக்குள் எதையாவது ஒளித்துக் கொண்டுபோகிறேனோ என்று கேட்டில் மூடியைத் திறக்கச் சொன்ன மகானுபாவர். செக்யூரிட்டி பிட் என்றால் என்ன என்று நான் அவருக்கு விளக்கியபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. எழுதியவருக்கே திறக்காத பூட்டா, இது அல்லவா பூட்டு என்றார்.

பிறகு அவர் போட்ட விதிகள். சிப்புகளை அவர் முன்னால்தான் பூட்ட வேண்டும். சரி. ஜன்னலின் மேல் வெள்ளித்தாள் ஒட்டி அதில் கையெழுத்துப் போட வேண்டும். சரி. புரோகிராமின் மூலப் பிரதி இரண்டு பிளாப்பி வட்டுகளில் மட்டும் இருக்க வேண்டும், மற்ற எல்லாப் பிரதிகளையும் கமிட்டி முன்னால் அழிக்க வேண்டும். இதற்கு நான் குதித்தேன். இன்னும் ஒரு பிரதியாவது வேண்டும், காகிதத்திலாவது இருக்கட்டும் என்றேன். காகிதம்தான் முதலில் வெளியே போகும் என்று பதில் வந்தது. அச்சடித்த கட்டுகளையெல்லாம் கொண்டுபோய் பாய்லரில் போட்டார்கள். வேலைப் பிளாப்பிகளைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். நான் எழுதிய கம்ப்யூட்டரையும் துடைத்து வேறு துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சிய இரண்டு பிளாப்பிகளையும் தனித்தனி உறையில் போட்டு ஒரே இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஒரே அலமாரியில் வைப்பதற்கு எதற்கு இரண்டு பிரதி என்று பிறகு கேட்டேன், விதி அப்படி என்றது கமிட்டி.

உறைகளுக்குப் பாதுகாப்பு அதிகாரி தன் கையாலேயே சீல் வைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் மெட்ராஸில் இருந்தேன்.

ஒப்படைக்கிற அன்று அலமாரிச் சாவியை எனக்குக் கொடுத்தார்கள். உறைகள் இருக்கின்றன என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும், பிரிக்க வேண்டாம் என்று துறைத் தலைவர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது நல்லபடியாகப் படிக்கிறதா என்று பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? நான் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். கடையில் கத்தரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, உன் இஷ்டம், பிரித்தால் திரும்ப ஒட்டி வை என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போனார். அறையில் நான் மட்டும்.

உறையை எடுத்தேன். நடுமத்தியில், பெரிய அப்பளம் மாதிரி, சிவப்பு அரக்கு. அதில் ஆழமாகப் பதிந்த பித்தளை முத்திரையின் அச்சு. பிளாப்பி என்றால் மெல்லிய பிளாஸ்டிக் தகடு. அதற்கு ஒரு பிளாஸ்டிக் சட்டை. வெயிலில் வைக்காதே என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அந்த மனிதர் உறைக்குள் பிளாப்பியைப் போட்டு, மேஜையில் வைத்து, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி அதன் மேலேயே சொட்டுச் சொட்டாக ஊற்றி, சூடு ஆறுவதற்குள் முத்திரையை அழுத்தியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாக அரசாங்கம் ரகசியத்தை இப்படித்தான் காப்பாற்றியிருக்கிறது. உள்ளே இருப்பது காகிதமாக இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை.

பிரித்தேன். பிளாப்பி நடுவில் சுருங்கிக் குழிந்திருந்தது. கம்ப்யூட்டரில் செருகினால் உள்ளேயே போகவில்லை. இரண்டாவது உறையையும் பிரித்தேன். அதற்கு இன்னும் தாராளமாக அரக்கு வைத்திருந்தார். அது உள்ளே போனது, இரண்டு தடவை உறுமியது, நின்றுவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆக, நான் பல வருஷம் எழுதியது உலகத்தில் எங்குமே இல்லை. பூட்டிய சிப்புகளுக்குள் இருக்கிறது, அதை யாராலும் படிக்க முடியாது.

அலமாரியின் கீழ்த்தட்டில் புது உறைகள் இருந்தன. அரக்குக் குச்சி இருந்தது. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பித்தளை முத்திரைகூட அங்கேயேதான் இருந்தது. எல்லாவற்றையும் பாதுகாப்பாக ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள் அல்லவா! பிளாப்பிகளைப் புது உறையில் போட்டு சீல் வைத்துவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டால் நான் மெட்ராஸில். இந்த உறைகளை யாரும் இப்போதைக்குப் பிரிக்கப் போவதில்லை. பூட்டிய சிப்புகள் போதுமான அளவு தயாராக இருந்தன, முதல் பெட்டிகளுக்கு அவை போதும். பிறகு ஒரு நாள் யாராவது பிரித்தால், அரக்கை ஊற்றியவர் யார் என்று கமிட்டி போட்டுத் தேடுவார்கள். தப்பு என்னுடையது இல்லை. ஒரு பைசா அளவுகூட இல்லை.

தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு குச்சியைக்கூட உரசினேன்.

எனக்கு அந்தச் சுரங்கம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சோதனைக்காக ஒரு தடவை போயிருந்தேன். இழுக்கத் தொடங்கும்போது கம்பிவடம் தளர்ந்து தரையில் கிடக்கும். முதலில் மோட்டார் மெதுவாகச் சுற்றி அந்தத் தளர்வை எடுக்க வேண்டும். வடம் விறைத்த பிறகுதான் வேகம் கூட்டலாம். அவசரப்பட்டால் வடம் வெடுக்கென்று இழுபடும், அறுந்தால் பக்கத்தில் நிற்கிறவன் கதி அதோகதி. பாதை ஓரமாக ஆட்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள், நடக்கக் கூடாது என்று பலகை தொங்கியது. ஒரு ஆள் வடத்தைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். பாதை மாறும், வண்டி கூடும், பாரம் கூடும். அப்போதெல்லாம் புரோகிராமில் அந்த மெதுவை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்ற ஆள் இல்லை, பிரதி இல்லை என்றால் அங்கே இருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பெட்டியைத் திறந்து ஒரு ஒயரைப் போட்டு சிப்பையே ஒதுக்கிவிட்டு மோட்டாரை நேராக ஓட்டுவார்கள். கரி மேலே வந்தாக வேண்டுமே.

குச்சி விரலைச் சுட்டது. ஊதி அணைத்துவிட்டு, சுருங்கிய பிளாப்பியை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கே போனேன்.

துறைத் தலைவர் சாம்பார் சாதத்தில் கை வைத்தபடி பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லவர், கூச்ச சுபாவம். எனக்கு மாற்றல் கிடைக்க அவரும் பரிந்துரை எழுதியிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, தெலுங்கில் கேட்டார்.

“எந்துக்கம்மா செப்பாவு?”

ஏனம்மா சொன்னாய் என்று. அவர் கண்ணில் நிஜமான வருத்தம் இருந்தது. சொன்ன பிறகு அவருக்கும் வேறு வழி இல்லை. மேலே எழுதினார். மேலே இருந்து பதில் வந்தது. புரோகிராமைத் திரும்ப எழுதி முடிக்கும்வரை என்னை விடுவிக்கக் கூடாது, அதுவரை விடுப்பும் கூடாது. எழுதியது நான், தலைக்குள் இருப்பது எனக்குத்தான், ஆகவே நான்தான். மாதக் கடைசி போனது. மெட்ராஸ் இடத்துக்கு டில்லியில் இருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். அரக்கு ஊற்றியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விதிப்படி சீல் வைத்தார், அவ்வளவுதான் என்று கமிட்டி முடித்துக்கொண்டது.

தபால் ஆபீசில் இருந்து கணவரின் வங்கிக்கு டிரங்க் கால் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்துவார், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு அழலாம் என்றிருந்தேன். அவர் கத்தவில்லை.

“அவ ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டா, எங்க அம்மா இனிமே இங்கதான்னு,” என்றார். “அவட்ட நான் என்ன சொல்ல?”

நேரம் முடிகிறது என்று நடுவில் ஆபரேட்டர் குறுக்கிட்டாள். சரி, நான் பாத்துக்கிடுதேன், நீ சாப்பிடு நேரத்துக்கு என்று சொல்லி வைத்துவிட்டார். அறைக்கு வந்து படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கார அம்மாள் துணி காயப்போட வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நக்கோ ம்மா,” என்றார். “கைக்கு அழறே? ரூம் உனக்குத்தான் இருக்குதே.”

நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன். அவருக்கு நான் அறைக்காக அழுகிறேன் என்று நினைப்பு. ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாள் புது ஸ்டவ் வாங்கினேன்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை, பகைவனுக்குக்கூட வர வேண்டாம். சோதனைக் கூடத்தில் அந்த மோட்டாரும், ஒரு பூட்டிய சிப்பும், நானும். நானே எழுதியதுதான், ஆனால் மாதக்கணக்கில் முயன்று முயன்று சரிசெய்த சின்னச்சின்ன எண்கள் யாருக்கு நினைவிருக்கும்? இந்த வேகத்தில் இவ்வளவு மின்சாரம், இந்த இடத்தில் இவ்வளவு பொறுமை என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. சிப்பை மாட்டி மோட்டாரை ஓட்டுவேன். உள்ளே அது என்ன முடிவெடுக்கிறது என்று வெளியே வரும் சமிக்ஞைகளை ஆசிலோஸ்கோப் திரையில் பார்ப்பேன், அளப்பேன், யோசிப்பேன். என் சொந்தப் புரோகிராமை நான் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது. பிறகு நான் ஊகித்ததை எழுதி இன்னொரு சிப்பில் ஏற்றி ஓட்டினால் மோட்டார் வேறு மாதிரி குலுங்கும். அழிக்க வேண்டும். சிப்புகள் வெளிநாட்டில் இருந்து வர வேண்டியவை, கையில் இருந்த காலி சிப்புகள் சொற்பம், ஆகவே அதையே விளக்குப் பெட்டியில் வைத்து அழித்து, காத்திருந்து, மறுபடி எழுத வேண்டும். அந்தக் காத்திருப்பில் செய்ய ஒன்றும் இருக்காது. மகள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் பஸ் வரும்வரை ஒருவரும் அந்தக் கூடத்துக்கு வர மாட்டார்கள். மோட்டாரோடு பேசத் தொடங்கினேன். முதலில் திட்டுவதற்காகத்தான். சனியனே, எதுக்கு இப்படி உதறுதே என்று. பிறகு காலையில் என்ன சமைத்தேன், பஸ்ஸில் யார் காலை மிதித்தார்கள் என்பதெல்லாம். நாள் முழுக்கத் தமிழில் நான் பேசியது அதோடுதான். ஒரு தடவை துறைத் தலைவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனார். எனக்கு வெட்கமாக இல்லை.

தீபாவளி வந்தது, போகவில்லை. பொங்கலுக்கும் போகவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு நாள் விடுப்பு கேட்டேன், ரயிலில் போய்வரவே இரண்டு ராத்திரி ஆகும் என்று சிரித்தார்கள். அதற்குள் மெட்ராஸில் பக்கத்து வீட்டுக்கு டெலிபோன் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் அதற்குப் பேசுவேன். முதலில் சில தடவை என் குரலைக் கேட்டதும் மகள் ஓவென்று அழுதாள். அப்புறம் எப்போம்மா வருவே என்று கேட்டாள். அப்புறம் நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாப்பிட்டேன், படிச்சேன், நல்லா இருக்கேன். பிறகு ஒரு சனிக்கிழமை, நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், அத்தைட்ட குடுக்கட்டுமா என்றாள். அவசரமாகச் சொல்லவில்லை, விளையாட்டு நடுவில் வந்தவளும் இல்லை. பெரியவர்களிடம் கேட்கிற மாதிரி ஒழுங்காகக் கேட்டாள். குடும்மா என்றேன்.

அடுத்த கோடை தொடங்குகிறபோது மோட்டார் பழையபடி ஓடியது. பூட்டிய சிப்பை மாட்டினாலும், என் புது சிப்பை மாட்டினாலும் வித்தியாசம் தெரியாமல் கிளம்பியது, வடத்தின் தளர்வை எடுத்தது, வேகம் கூட்டியது, மெதுவாக நின்றது. சுரங்கத்துக்கும் போய் ஓட்டிப் பார்த்தோம். பாரம் கூட்டிப் பார்த்தபோது அந்த மெதுவைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது, நீட்டினேன். வடம் பூ மாதிரி நிமிர்ந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். மூலப் பிரதிகளை மூன்று கட்டடங்களில் வைத்தோம். மாற்றல் கேட்டு மறுபடி எழுதிக் கொடுத்தேன். மெட்ராஸில் இடம் இல்லை, காலி வரும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதோடு ஒரு வார விடுப்பும் கொடுத்தார்கள்.

அன்று நான் உண்மையைச் சொன்னது சரியா என்று யாராவது கேட்டால், சரிதான் என்று இன்றும் சொல்லுவேன். ஆனால் சரியானதைச் செய்தால் மனசு நிறைந்துவிடும் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு ஒன்றும் நிறையவில்லை.

மெட்ராஸ் வீட்டுக்குக் காலையில் போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்திருந்தது. மகள் முன்னறையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது, ஜடையை நான் பின்னுகிற மாதிரி இல்லாமல் வேறு விதமாகப் பின்னியிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். என்னைப் பார்த்தாள், சிரித்தாள், எழுந்து உள்ளே ஓடினாள். மதினியைக் கூப்பிடத்தான் ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கீழே வைத்தேன்.

ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். என் முன்னால் நின்று நீட்டினாள். பின்னாலேயே மதினி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். அவருக்கு முகமெல்லாம் பெருமை.

“பாத்தியா,” என்றார். “வீட்டுக்கு யார் வந்தாலும் மொதல்ல தண்ணி குடுக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன். ஒருத்தரையும் விடமாட்டா.”

நான் வாங்கிக்கொண்டேன். நின்றபடியே முழுவதையும் குடித்தேன். மகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வேணுமா என்று கேட்டாள். எனக்குத் தாகம் இல்லை. வேணும் என்றேன். அவள் இன்னொரு தடவை உள்ளே போய்விட்டு என்னிடம் வருவாள் அல்லவா, அதற்காக.